உப்பைப் பற்றி இருவர் சொன்னது

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அதிராம்பட்டினத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. நான் பூதலூரில் அறிவியல் ஆசிரியர். அதனால் அத்தானுக்கு போனில் வருவதில் எது நிஜம், எது புளுகு என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கடல் ஊருக்குள் புகுந்துவிட்டதாக ஒரு படம் வந்தபோது, அது வேறு நாட்டு வெள்ளம் என்று தேடிப் பிடித்துச் சொன்னேன். அக்கா நிம்மதியானாள்.

அடுத்து வந்தது ஆறுதல் சொல்லும் காணொளி. பருவநிலை மாற்றமே கட்டுக்கதை, மண்ணும் தண்ணீரும் எப்போதும் போலத்தான் இருக்கும் என்று ஒருவர் அடித்துப் பேசினார். அவர் யார், எதை வைத்துச் சொல்கிறார் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. அதைச் சொல்லி, கடலோர மண்ணில் உப்பு ஏறக்கூடும் என்றதும் அத்தான் சிரித்தார்.

"அவரு நல்லாருக்கும்ங்கிறாரு, நீ கெட்டுப்போகும்ங்கிற. ரெண்டு பேருமே போன்ல பாத்துத்தானே மாப்ள சொல்றீங்க?"

அந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் வரத் தாமதமானது. ஆழமாகத் துளைத்த போர் தண்ணீரில் நாற்று விடப்போவதாக அத்தான் சொன்னார். நேரில் போய் வாயில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு அவரையும் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனேன்.

"உப்பு ஏறியிருக்குங்க. நாத்துக்கு ஆகாது" என்றார் அங்கே சோதித்துப் பார்த்த அம்மா.

"கடல் ஏறுறதாலயா?" என்று கேட்டார் அத்தான்.

அந்த அம்மா தயங்கினார். "அதுவும் இருக்கலாங்க. ஆத்துத் தண்ணி குறைஞ்சது, ஆழமா போர் போட்டது, எல்லாம் சேந்திருக்கலாம். எதால எவ்வளவுன்னு இந்த ஒரு பாட்டில வச்சுச் சொல்ல முடியாதுங்க."

எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். அத்தானுக்குப் போனதும் அங்கேதான்.

"அந்தம்மாவுக்கே தெரியல" என்றார் பஸ்ஸில்.

"உப்புன்னு உறுதியாத்தானே சொன்னாங்க, அத்தான்?"

"சரி, நம்புறேன்னே வச்சுக்க. வேற தண்ணிக்கு எங்க போறது?"



அவர் நாற்று விட்டார். முளைத்து வந்தவை நுனி கருகி, வைக்கோல் நிறமாகிப் படுத்துவிட்டன. நான் போனபோது அத்தான் என்னோடு பேசவில்லை. சோறு போட்டபடி அக்காதான் சொன்னாள்.

"நீ சொன்னது நெசந்தாண்டா. அதக் கேட்டதுலேருந்து அவருக்குச் சோறே எறங்கல. இனிமே எதையும் பாத்துச் சொல்லாத."

குடும்பக் குழுவில் அத்தான் இன்னும் அந்த மாதிரி ஆறுதல் காணொளிகளை அனுப்புகிறார். பொய் என்று பார்த்தவுடனே தெரிகிறது. நான் ஒன்றும் எழுதுவதில்லை.