வெயில் காலத்து ஸ்வெட்டர்

சித்திரை வெயிலில் தடித்த ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால், வைத்தியம் யாருக்கு என்று சந்தேகம் வராதா? அப்பாவுக்கு மறதி முற்றிக்கொண்டு வந்ததால், அவரைக் கோவையில் ஒரு டாக்டரிடம் காட்டக் கூட்டிவந்து காத்திருந்தேன். எதிர் பெஞ்சில் அந்த ஸ்வெட்டர்காரர், எழுபது வயதிருக்கும். பக்கத்தில் அவர் மனைவி, வழித்துணைக்கு வந்தவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புழுக்கமா இல்லீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

அவர் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கை வரை பல் தடங்கள். ஒன்று இன்னும் ஆறவில்லை.

"குளிக்க வெக்கறப்ப இவங்க கடிச்சுப்போடறாங்க. இதப் போட்டிருந்தா பல்லு ஆழமா எறங்காதுங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. "புடிச்சுக் கட்டிப்போட்டுக் குளிப்பாட்ட வேண்டியதுதானுங்களே?"

"நான் ஆருன்னே அவங்களுக்குத் தெரியாதுங்க. தெரியாத ஆம்பள சேலையில கை வெச்சா எந்தப் பொம்பள சும்மா இருப்பா? கேட்டுப்போட்டுத்தான் தொடறனுங்க. வேண்டாம்னா அன்னிக்கு ஈரத்துணியில தொடைச்சுக்கறதோட சரி. சேலையிலயே ஒண்ணுக்குப் போயி நனைஞ்சு கெடந்தா மட்டும் அப்படியே உட முடியறதில்லீங்க, அப்பத்தான் கடி."

அந்தம்மா காயத்தை அப்போதுதான் பார்த்தார். குனிந்து ஊதிவிட்டார்.

"அய்யோ, என்னங்க கடிச்சுது?"

"நாயிங்க."

"அந்தப் பக்கம் இனிப் போவாதீங்க. ஊட்டுல உங்க சம்சாரம் பாத்தா பயந்துக்குவாங்க."

அவர் ஸ்வெட்டர் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

"போவாம முடியாதுங்க, அம்மணி."