துண்டுக்கு அடியில் நடந்த பயிற்சி

காசிமாயன் என் முன்னால் வந்து உட்கார்ந்ததும் முழங்கால் வலி என்றார். எந்த முழங்கால் என்று கேட்டேன். வலது என்றார். நீட்டுங்கள் என்றேன். இடது காலை நீட்டினார்.

"அய்யா, இது இடது."

"அதுவுந்தான் வலிக்குது."

திண்டுக்கல்லில் ஒரு சின்ன மருத்துவமனையில் நான் பிசியோதெரபிஸ்ட். வேலைக்குச் சேர்ந்த புதிது. அவரை எதற்காக அனுப்புகிறேன் என்று டாக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார். புரோஸ்டேட் ஆபரேஷன் முடிந்து டியூப் எடுத்த பிறகும் சிறுநீர் கசிகிறது. அதற்கான பயிற்சி சொல்லித்தர வேண்டும். அதை எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் மனைவி சின்னத்தாய் பின்னாலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

"முழங்காலும் இல்ல, முட்டியும் இல்ல தம்பி. இருமுனா வேட்டி நனையுது. எந்திரிச்சா நனையுது. சொல்றதுக்கு வெக்கம் இவுகளுக்கு."

"ஏ சின்னத்தாயி, மெதுவாப் பேசு. திரைக்கு அங்கிட்டு ஆளு இருக்கு."

திரைக்கு அந்தப் பக்கம் தோள்பட்டைக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்தவர் குரல் கொடுத்தார்: "எனக்குக் காது கேக்காதுண்ணே. நீங்க பேசுங்க."

மாட்டின் மேல் பழி

காசிமாயனுக்குச் சித்தையன்கோட்டைப் பக்கம். தொழில் மாட்டுத் தரகு. சந்தையில் வேட்டி நனைந்தால் சொல்வதற்குத் தோதான காரணம் பக்கத்திலேயே நான்கு காலில் நிற்கும். அவரும் அதைத்தான் சொல்லிவந்தார். கசிந்தால் உடனே பக்கத்து மாட்டைத் தள்ளிவிட்டு, "சனியன், மேல பேஞ்சு விட்ருச்சு" என்பார்.

முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் சிரிப்பு வேறு மாதிரி ஆனது. ஒட்டன்சத்திரத்துக்காரரான வேலுச்சாமி என்ற இன்னொரு தரகர் கேட்டாராம்: "ஏனுங்க காசிமாயரே, சந்தையில இத்தன பேர் நிக்கிறோம். எந்த மாடும் உங்க மேலயே பேயுதே, அதென்னங்க ராசி?"

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு நல்ல கறவை மாட்டுக்கு விலை படியும் நேரத்தில் இவர் வேட்டி நனைந்து, வழக்கம்போல மாட்டைத் திட்டினார். வாங்க வந்தவர் யோசித்தார். செத்த நேரம் முன்னால்தானே பேய்ந்தது, மறுபடியுமா? மாட்டுக்கு நீர்க்கோளாறு என்று முடிவுகட்டிப் போய்விட்டார். மாட்டுக்காரர் இவர் சட்டையைப் பிடித்தார்.

"சோறு போட்ட மாட்டு மேலயே பழி போட்டுட்டேன் தம்பி. இனி சந்தைக்குப் போகப் போறதில்ல. கயித்தக் கீழ வச்சிர வேண்டியதுதான்" என்றபோது அவர் குரல் இறங்கிவிட்டது. தரகு வேலையில் பாதி குரல்தான்.

குரல் இறங்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கசிவுக்குப் பயந்து அவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார், தொண்டை வறண்டுவிட்டது. டீ மட்டும் குறையவில்லை. இதை அநேகமாக எல்லோருமே செய்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கடுத்துப்போய்ப் பையை உறுத்தும், அவசரம் கூடும். டீயும் தன் பங்குக்குக் கிளப்பிவிடும். டீயைக் குறைத்து, தண்ணீரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னேன்.

"ஒழுகுற தொட்டியில மேலயும் ஊத்தச் சொல்றீகளே" என்றார்.

உப்பிய முகம்

சிறுநீர்ப் பையையும் அதன் வாசலையும் கீழிருந்து தாங்குவது இடுப்புத் தளத் தசை. அதைப் பலப்படுத்தினால் இந்த மாதிரிக் கசிவு பெரும்பாலானவர்களுக்கு மெல்லக் குறையும். கல்லூரியில் பிளாஸ்டிக் மாடல் வைத்து ஆங்கிலத்தில் படித்தேன். ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான்தான். அப்பா ஊரார் மாடுகளை மேய்த்தவர். அவரிடம் இதை எப்படிச் சொல்வேனோ, அப்படிச் சொன்னேன்.

"பந்தியில உக்காந்திருக்கீங்க. காத்துப் பிரியப் பாக்குது. என்ன செய்வீங்க?"

"அடக்குவேன்."

"மூத்திரம் போறப்ப யாரோ வந்துட்டா?"

"நிறுத்துவேன்."

"ரெண்டையும் சேத்து மனசுல நெனச்சு, உள்ளுக்குள்ள மேல இழுத்துப் பிடிங்க. நிஜமா மூத்திரம் போறப்ப நிறுத்திப் பழகக் கூடாது. உக்காந்த எடத்துல இப்படிச் செஞ்சாப் போதும்."

பிடித்தார். கன்னம் உப்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. தோள் காதைத் தொட்டது. புட்டம் நாற்காலியை விட்டு மேலே எழுந்தது. மூச்சு நின்றது. வேலை செய்ய வேண்டிய ஒரு தசையைத் தவிர எல்லாம் வேலை செய்தன.

"மூச்ச விடுங்கய்யா!"

விட்டார். வேட்டியைப் பார்த்துக்கொண்டார். "போச்சு."

சின்னத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எவ்வளவு நேரம் பிடிக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும். வாய்விட்டு எண்ணச் சொன்னால், திரையைக் காட்டி மாட்டேன் என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தார். என் கையைப் பிடித்து இழுத்து, இருவர் கையையும் துண்டால் மூடினார்.

"நான் எம்புட்டு நேரம் பிடிக்கிறேனோ, அம்புட்டு விரல அமுக்குறேன். எண்ணுக்கு ஒரு விரலு."

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார். சுற்றி நிற்கிறவர்களுக்கு முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது.

துண்டு விழுந்ததும் காசிமாயன் வேறு ஆளானார். கன்னம் இறங்கியது, தோள் தளர்ந்தது, மூச்சு சீராகப் போனது. கண்கள் எங்கேயோ மாடு பார்க்கிற மாதிரி நிலைத்தன. துண்டுக்குள் ஒரு விரல் அமுங்கியது. இரண்டாவது அமுங்கியது. மூன்றாவதுக்குப் போய் நழுவியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பிடித்த அளவு நேரம் தளர்த்தவும் வேண்டும் என்று சொல்லி, மறுபடி பிடிக்கச் சொன்னேன்.

"தம்பி, பேரம் படியுதா?" என்றார் திரைக்கு அப்பாலிருந்த காது கேளாதவர்.

சந்தை

சில வாரங்களில் உட்கார்ந்தபடி ஐந்து விரலும் அமுங்கின. அந்தத் தைரியத்தில் மறுபடி சந்தைக்குப் போய்வந்தார். நின்றால், கத்தினால் இன்னும் கசிந்தது. இருமும் முன்னும், கத்தும் முன்னும், எழும் முன்னும் ஒரு பிடி பிடித்துக்கொள்ளப் பழக வேண்டும். அதைச் சிகிச்சை அறையில் எவ்வளவு பழகினாலும் சந்தையில் மறந்துபோகிறது என்றார். சரி, நானே வருகிறேன் என்று இஸ்திரி போட்ட சட்டை பேண்ட்டோடு போய் இறங்கினேன்.

ஒரு செவலை மாட்டின் பக்கத்தில் நின்று துண்டைப் போட்டோம். ஒரு விரல். இரண்டு. மூன்று. கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் வேறு என்னை மறந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் ஏறலாம்" என்று சொல்லிவிட்டேன். விலை ஏறுவதாக நினைத்துச் செவலைக்காரர் முகம் மலர்ந்தது.

"ஏனுங்க, முடிஞ்சுதுங்களா? கயித்தக் குடுத்துரலாமுங்களா?"

வேலுச்சாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "புது யாவாரிங்களா? மாடு கட்ட வீட்ல எடம் இருக்குதுங்களா?"

நான் குடியிருந்தது மாடியில் ஒற்றை அறை. பதில் தேடிக்கொண்டிருந்தபோது செவலை வாலைத் தூக்கியது. காசிமாயன் தொழில்காரர், நகர்ந்துவிட்டார். நான் படித்தவன், நின்றேன். பேண்ட் முழங்காலுக்குக் கீழே மொத்தமாக நனைந்தது.

சந்தையே சிரித்தது. காசிமாயனுக்கும் சிரிப்பு வந்தது. வெடிக்கும் முன் ஒரு நொடி அவர் முகம் சலனமில்லாமல் இருந்ததை நான் பார்த்தேன். பிடித்துக்கொண்டார். பிறகுதான் சிரித்தார், வயிறு குலுங்க. சிரித்து முடித்துக் கீழே குனிந்து பார்த்தார். வேட்டி வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது.

"என்னங்க, இன்னைக்கு ராசி மாறிப்போச்சு!" என்றார் வேலுச்சாமி.

"ஆமப்பு. தம்பிக்கிட்டக் குடுத்துட்டேன்" என்றார் காசிமாயன். பழைய குரல். அந்தக் குரலிலேயே அன்று செவலையையும் வேறொருவருக்கு முடித்துக்கொடுத்தார்.

யாரோ எங்களைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் போட, அது எங்கள் ஊருக்கும் போய்விட்டது. அம்மா போன் செய்தார்: "ஏலே, உங்கப்பா மேச்சது பத்தாதுன்னா உன்னைய அம்புட்டுப் படிக்க வச்சோம்?"

இன்னொரு கை

கடைசியாகக் காட்டிவிட்டுப் போக இருவரும் வந்தார்கள். காசிமாயன் சட்டைப் பையில் பேனா எல்லாம் வைத்திருந்தார். அவர் பெருமையாகச் சந்தைக் கதையைச் சொல்லி முடித்ததும் சின்னத்தாய் கேட்டார்:

"தம்பி, இந்தப் பயிற்சி பொம்பளைகளுக்கும் உண்டா?"

உண்டு என்றேன். பிள்ளை பெற்றவர்களுக்கு ரொம்பவே தேவைப்படும் என்றேன்.

அவர் கணவரின் தோளிலிருந்து துண்டை உருவினார். "எங்க, கையக் குடுங்க." கணவர் கையைத் தன் கையோடு சேர்த்துத் துண்டால் மூடினார். சின்னத்தாயின் முகம் சும்மா இருந்தது. நான் காத்திருந்தேன். எத்தனை விரல் அமுங்கியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்த விலைக்கும் அசையாத காசிமாயனின் முகம் அசைந்தது.

"அஞ்சும் அமுக்குறாளே... நீ எப்படீ?"

"இவுகளுக்குச் சொல்றப்ப நானும் பின்னால உக்காந்து செஞ்சேன். சின்னவன் பொறந்ததுலருந்து எனக்கு இருக்கு. தும்முனாக் கால இடுக்கிக்கிட்டு நிப்பேன். இப்பத் தேவல."

"எங்கிட்டச் சொல்லலியே?"

"நான் எந்த மாட்டு மேல பழி போட?"

திரைக்கு அந்தப் பக்கம் அன்று யாருமில்லை. சின்னத்தாயை மாடியிலிருந்த பெண் டாக்டரிடம் நானே அழைத்துப்போனேன். காசிமாயன் துண்டை மடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். உங்களுக்கு ஏதும் உண்டா என்று அவரையும் கேளுங்கள். நான் கேட்கிறேன். பாதிப் பேர் முழங்கால் வலி என்கிறார்கள். எந்த முழங்கால் என்று நான் இப்போது கேட்பதில்லை.