தட்டு வரும்போது வரும் வலி

காணிக்கைத் தட்டு மூன்றாவது வரிசைக்கு வந்ததும் ஒடெஸா பிக்கெட் கைகளை மடிக்கு இழுத்து, வலது மணிக்கட்டைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். பக்கத்து இருக்கை எர்னஸ்டீன், ஒடெஸாவின் தொப்பி இறகு மூக்கில் குத்தக் குத்த, குறுக்கே எட்டித் தட்டை வாங்கித் தள்ளிவிடுவார்.

"கை எப்படிடி இருக்கு?"

"மழை வர்ற மாதிரி இருக்குல்ல, அதான் குடையுது."

அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் எப்போதும் மழை வருகிற மாதிரிதான் இருக்கும். இருபது வருஷமாக இந்த மூட்டுவலி ஞாயிற்றுக்கிழமையில், அதுவும் தட்டு வரும்போது மட்டும் வருகிறது. மற்ற ஆறு நாளும் அதே கை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை மூட்டைகளைத் தூக்கி வீசும். மருத்துவ உலகம் கவனிக்கத் தவறிய நோய்.

நோய்க்கிருமி ஒரு காசோலை. புருஷன் சொல்லாமல் போன குளிர்காலத்தில், வங்கிக் கணக்கில் ஒன்றும் இல்லாமலே, பால்மாவுக்கும் கோழிக்கும் எழுதிக் கொடுத்தது. கடைக்காரர் பண்பானவர், ஒரு வார்த்தை திட்டவில்லை, நேராகப் போலீஸைக் கூப்பிட்டார். இரண்டு மாதம் சிறை.

குற்றப் பதிவு உள்ளவர் காணிக்கைத் தட்டை ஏந்தி வரக்கூடாது என்பது காணிக்கைப் பணத்துக்குக் காப்பீடு தரும் இன்சூரன்ஸ்காரர்கள் சபைக்குப் போட்ட விதி. ஒடெஸா கடமை உணர்ச்சி மிகுந்தவர். உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த விதி உண்டு என்று தானாகவே நீட்டிக்கொண்டார். அவருக்கு இருந்த ஒரே ஆசையோ, வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கையுறையும் போட்டு, அந்தத் தட்டோடு நடுப்பாதையில் நடந்து வருவதுதான்.

போன கோடையில் சபையின் கீழ்த்தளத்துக்கு வக்கீல்கள் வந்து, இப்படிப்பட்ட பதிவுகளை இலவசமாக அழித்துத் தருவதாகச் சொன்னார்கள். பல மாதம் அலைந்த பிறகு நீதிபதி சம்மதித்தார். வக்கீல் பெண் கோர்ட்டு வாசலில் விளக்கம் சொன்னாள்.

"சட்டப்படி அது நடக்கவே இல்ல மேடம். யாரு கேட்டாலும் இல்லைன்னே சொல்லலாம்."

ஒடெஸா கொஞ்சம் யோசித்தார். "அப்போ அந்த ரெண்டு மாசம் நான் எங்கேம்மா இருந்தேன்?"

"அத நீங்களும் மறந்துடுங்க."

அன்று மாலையே கையுறை வாங்கினார். தட்டு ஏந்தும் ஊழியத்துக்குப் பேர் கொடுக்கப் போனபோது, போதகர் க்ளைபோர்னிடம் விஷயத்தைக் காதோடு காதாகச் சொன்னார். சபையில் அந்தப் பழைய கதை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் நற்செய்தியை அடக்கி வைப்பது போதகருக்கு ஆகாது, தொழிலே அதுதானே. ஞாயிறன்று சாட்சி நேரத்தில் மேடையே அதிர முழங்கினார்:

"நம்ம சிஸ்டர் ஒடெஸா செல்லாத செக் குடுத்து ஜெயிலுக்குப் போனாங்க பாருங்க, அந்தக் கேஸக் கர்த்தர் துடைச்சுப் போட்டுட்டாரு. இனிமே அது யாருக்குமே தெரியாது."

சபை மொத்தமும் எழுந்து ஆமென் சொன்னது. அதுவரை தெரியாதிருந்த அத்தனை பேரும் அந்த நொடியில் தெரிந்துகொண்டு, மறந்துவிடவும் மனமார ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு ஒடெஸா கையுறையோடு வந்து நின்றார். ஊழியர் தலைவர் ரூஃபஸ் முகமெல்லாம் கனிவாக வரவேற்றார். "தட்டுக்கு ஆள் இருக்கு சிஸ்டர். நீங்க வாசல்ல நின்னு, உள்ள வர்றவங்களுக்குப் புழுக்கத்துக்குக் காகித விசிறி குடுங்களேன்."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. விசிறி ஒருவரும் வாங்கவில்லை.

கையுறைகளைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, மூன்றாவது வரிசையில் தன் பழைய இடத்துக்குப் போனார். எர்னஸ்டீன் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார். நடுவில் இருந்த தன் கைப்பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார். தட்டு வந்தது. எர்னஸ்டீன் எப்போதும் போலக் குறுக்கே எட்டி வாங்கினார். கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

ஒடெஸா வலது மணிக்கட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். தட்டு கடைசி வரிசையைத் தாண்டிப் போன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார்.