ஒரு நேரத்தில் ஒரு மோட்டார்

என் கணவர் ஜெலுத்தோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். மழையில் சறுக்கி விழுந்து நெற்றியில் அடிபட்ட பிறகு, மூன்று மாதம் கழித்துத்தான் பட்டறையைத் திறந்தார். பேச்சு தெளிவாக இருந்தது. பழைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரையும் நினைவிருந்தது. எந்தத் திருகு எந்த வண்டிக்கு என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். குணமாகிவிட்டது என்றுதான் நானும் நம்பினேன்.

முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு வண்டியின் சங்கிலியைக் கழற்றுவார். பக்கத்து வண்டி கண்ணில் பட்டதும் அதன் பிரேக்கைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் பார்த்தால் தரையெல்லாம் உதிரிப் பாகங்கள். ஓடுகிற வண்டி ஒன்றுகூட இல்லை.

"தம்பி, நாளைக்கு பசாருக்கு நான் எதுல லா போறது?" என்று சந்தையில் மீன் விற்கும் அக்கா கேட்டார்.

"இதோ முடிச்சிடுறேன் அக்கா," என்றார் சிரித்துக்கொண்டே. மூன்றாவது நாளாக அதே பதில்.

சோம்பல் என்று நினைத்து அன்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

மருத்துவமனையில் டாக்டரம்மா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "கை, ஞாபகம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எத முதல்ல செய்யணும், எத அப்புறம் பார்க்கலாம், எங்க நிறுத்தணும்னு சொல்றது இந்த முன்பக்க மூளை. அதுலதான் அடி. அவரு வேணும்னு செய்யல."

மறுநாள் அந்த அக்காவின் வண்டியை மட்டும் உள்ளே விட்டேன். மற்றவற்றைப் பின்பக்கம் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினேன். என் கணவரின் கைபேசியையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று ஸ்பேனரைத் தரையில் வீசினார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்த வண்டி ஓடியது.

சில மாதங்கள் கழித்து, ஒரு காலை, வாசலில் ஒருவர் ஹாரன் அடித்தார். என் கணவர் பாதி எழுந்தார். அவர் மறுபடி உட்கார்ந்து, பார்வையைக் கையிலிருந்த வேலையில் வைத்தபடியே, "பொறுங்க லா அண்ணே, இத முடிச்சிட்டு வாரேன்," என்றார்.

இப்போது ஒரு நாளைக்கு இரண்டு வண்டிதான். அவசரக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். களைத்த நாளில் கை பழையபடி வேறு வண்டிக்குத் தாவும். அன்று சீக்கிரமே கதவை இறக்கிவிட்டு, இருவரும் கடலோரம் நடக்கப் போவோம்.