புல்தரை விமானத்தில் என் அண்ணன்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் கொஞ்ச தூரம் போய், ஒரு செங்கல் சூளையருகே திரும்பினால் ஒரு புல்தரை வரும். முன்பு சின்னப் பயிற்சி விமானங்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்த இடம். அங்கே போன கோடையிலிருந்து ஒரு பழைய பயணிகள் விமானம் நிற்கிறது. இறக்கைக்கு ஒரு விசிறியாக இரண்டு விசிறி. சாயம் உரிந்த வயிறு, புறா எச்சம் வழிந்த ஜன்னல்கள், சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலைக் காடு. உணவகம் ஆக்குவதாகச் சொல்லி யாரோ வாங்கி, உடலையும் இறக்கையையும் தனித்தனி லாரிகளில் கொண்டுவந்து பூட்டி, ஒரு இரும்புப் படிக்கட்டும் வைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாத ஆள் நான். சாயங்காலமானால் காரணமில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுவேன். அப்படிச் சுற்றும்போதுதான் அதைப் பார்த்தேன். பார்த்ததும் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. கூடவே கொஞ்சம் வெட்கமும்.

அண்ணன் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். கோட்டக்குப்பத்தில் எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் விவரம் சொன்னதில்லை. 'ஏர்போர்ட்டுல இருக்கான்.' அவ்வளவுதான். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் முழுசாகவும் சொல்லவில்லை. கேட்டவர்கள் அவரவர் மனசில் ஒரு கோட்டும் டையும் மாட்டிக்கொண்டார்கள். ஒரு பயணம் முடிந்து அடுத்த பயணம் கிளம்புவதற்குள் விமானத்தின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்யும் கூட்டத்தில் அவர் ஒருவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் செய்ததுதான் பெரிய தவறு. ஒரு பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதினேன். 'மேகங்களைத் துடைப்பவர்' என்று எழுதினேன். அம்மா அதை வெட்டி அவருக்குத் தபாலில் அனுப்பினார்.

வருடங்கள் கழித்து, அவர் வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகு, ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"நீ எழுதுனத படிச்சேன்டா. நான் மேகத்தத் துடைக்கல. வாந்தி தொடச்சேன்."

அதோடு சரி. என்ன கேட்டாலும், "நல்லாத்தான் இருந்தேன்." இருபத்தாறு வருடத்துக்கு இரண்டு வார்த்தை.

இப்போது என் பழைய கட்டுரைகளைப் புத்தகமாக்க வேண்டியிருக்கிறது. மற்றதெல்லாம் தகராறு இல்லாமல் சேர்ந்துவிட்டன. அண்ணனைப் பற்றிய இந்த ஒன்றை மட்டும் தூக்கிப்போடவும் முடியவில்லை, திருத்தவும் முடியவில்லை. தூக்கிப்போட்டால் அவர் அங்கே இருந்ததையே அழித்தது போலாகும். திருத்த வேண்டுமானால் அவர் வாயைத் திறக்க வேண்டும். விமானத்துக்குள் நிறுத்தினால் திறப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. பைத்தியக்கார நம்பிக்கைதான்.

கேட்டில் காவலுக்கு இருந்தவர் பக்கத்து ஊர் விவசாயி. அவர் மனைவி இறக்கை நிழலில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உள்ள பாக்கணும்ணே."

"உள்ள இன்னா இருக்குது சார்? வெளிய பாத்துட்டீங்க இல்ல, அதேதான் உள்ளயும்."

"அஞ்சு நிமிஷம்."

"கல்யாண ஜோடி போட்டோ எடுக்க வந்தாங்க, அவங்களையே உடல. விழுப்புரத்துல ஆபீஸ் இருக்குது. லெட்டர் வாங்கிக்கினு வாங்க."

விழுப்புரம் போனேன். புதுப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. அங்கிருந்தவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாவி வாட்ச்மேன்கிட்டதான் இருக்குது. இதுக்கு எதுக்குங்க லெட்டரு? நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சொன்னேன். காவலர் சிரித்தார். "அவரு சொன்னாருன்னு நீங்க சொல்றீங்க. நாளைக்கு உள்ள உக்கார்ற சீட்டு ஒண்ணு காணோம்னா யாரு சார் பதில் சொல்றது?"

மறுபடி விழுப்புரம். விக்கிரவாண்டி டோல்கேட் நெரிசலில் லாரிப் புகையைக் குடித்தபடி, இது எனக்குத் தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். மாடி அறைக்காரர், "நீங்களே எழுதுங்க, கையெழுத்து போடறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "புல்வெளி, காற்றுன்னெல்லாம் எதுக்கு சார்? உள்ள உடவும்னு போட்டா போதாதா?" என்று நாலு வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தோடு போன அன்று கேட் பூட்டியிருந்தது. காவலர் பனமலையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். சாவியை அரைஞாண் கயிற்றிலேயே கட்டிக்கொண்டு போய்விட்டாராம். அவர் மனைவி வருத்தப்பட்டு ஒரு கை மல்லாட்டை கொடுத்தார். அதைத் தின்றபடி விமானத்தை முறைத்துக்கொண்டு நின்றேன். நாய் ஒன்று அதன் சக்கரத்தில் காலைத் தூக்கிவிட்டுப் போனது. அதற்கு யாரும் கடிதம் கேட்கவில்லை.

அண்ணனைப் போனில் கூப்பிட்டபோது, "அதுல இன்னாடா இருக்குது?" என்றார். பிறகு, "சரி, வர்றேன். நொய்நொய்னு கேள்வி மட்டும் கேக்காத." வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து, புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து திண்டிவனம் வந்து இறங்கினார். வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன்.

அண்ணனின் தொப்பியைப் பார்த்ததும் காவலர் எழுந்தார். "வாங்க பாய். பிரிச்சு எடைக்குப் போட்டுறலாமா?"

"போட்டுறலாம். நீங்க வால் பக்கம் தூக்குங்க, நான் மூக்குப் பக்கம் தூக்கறேன்."

இருவரும் சிரித்தார்கள். அதன் பிறகு அண்ணன் அந்த மனிதரோடு மழையைப் பேசினார், காட்டுப்பன்றித் தொல்லையைப் பேசினார், தன் முழங்கால் வலியைக்கூடப் பேசினார். முழங்கால் வலிப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முன்பின் தெரியாத ஆளிடம் கால் மணி நேரம் மடை திறந்தது போல! கடிதத்தை நீட்டினேன். காவலர் வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கதவைத் திறந்தார்.

உள்ளே அடைத்துக் கிடந்த வெயில் முகத்தில் அறைந்தது. புறா நாற்றம். பக்கத்துக்கு இரண்டாக, கிழிந்த நீல இருக்கைகள். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, கையில் நோட்டோடு நடைவழியில் நின்றேன்.

"இப்படித்தான் இருக்குமாண்ணே?"

"தள்ளு."

என்னை ஓரங்கட்டிவிட்டு முதல் இருக்கைக்குக் குனிந்தார். இடது கை முன் இருக்கையின் பைக்குள் போய்த் துழாவி வெளியே வந்தது. அது வருவதற்குள் வலது கை பெல்ட்டின் இரண்டு முனைகளையும் எடுத்துக் குறுக்காக இருக்கைமேல் படுக்க வைத்துவிட்டது. தோளில் கிடந்த கைக்குட்டையால் கைப்பிடியில் ஒரு இழுப்பு. ஜன்னல் மூடியை மேலே ஒரு தள்ளு. அடுத்த இருக்கை. வீட்டில் ஒரு தம்ளரை எடுக்க அரை நிமிடம் யோசிக்கும் மனிதர். இங்கே அந்தக் கைகளுக்கு வேறு வயது. ஜன்னலைத் திறந்தாரே தவிர, ஒரு தடவைகூட வெளியே பார்க்கவில்லை.

"ஒரு பிளேனுக்கு எத்தன பேருண்ணே?"

"வழியில நிக்காத."

"எவ்வளவு நேரம் குடுப்பாங்க?"

"பேஜாரு பண்ணாதடா. ஜல்தி, அந்தப் பக்கம் எடு."

படிக்கட்டில் நின்று காவலர் கத்தினார். "பாய்! இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? கூலியெல்லாம் தர மாட்டாங்க!" அண்ணன் காதில் விழவில்லை.

நோட்டைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு வலது பக்கம் குனிந்தேன். ஒரு பெல்ட்டுக்குக் கொக்கி இல்லை, இன்னொன்று இருக்கைக்கடியில் சிக்கிக் கிடந்தது. பைக்குள் கைவிட்டால் காய்ந்த சுள்ளியும் புறா இறகும். நான் நாலாவது வரிசையில் திணறிக்கொண்டிருந்தபோது அவர் கடைசி வரை போய்த் திரும்பிவிட்டார். மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இப்போது சொல்வார், ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று நிமிர்ந்தேன்.

அவர் என் முதல் வரிசைக்குப் போனார். நான் மடித்து வைத்த பெல்ட்டை அவிழ்த்தார். மறுபடி மடித்தார். இரண்டாவதையும் அவிழ்த்தார்.

"என்னண்ணே, நல்லாத்தானே இருக்குது?"

"பக்கிள் மேல வரணும். உக்கார வர்றவன் மொதல்ல அததான் பாப்பான்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அவ்ளோதான்."

மூன்று தடவை அலைந்ததற்கு இதுதான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மூன்றாவதை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் ஐந்தாவது வரிசைக்கு நகர்ந்து, பக்கிள் மேலே வரும்படி மடித்து வைத்தேன்.