துண்டுக்கடியில் ஒரு கல்யாணத் தேதி

எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றுதான்: பிறர் வீட்டில் போய் உட்காருவது. ஆம்பூர்த் தோல் மண்டியில் எனக்குத் தரகன் என்று பெயர். ஆனால் மண்டி கூடாத நாளெல்லாம், கூடிய நாளிலும் பாதி நேரம், யார் கடையிலாவது உட்கார்ந்து வாய் ஓயாமல் கதை அளந்துகொண்டிருப்பேன். இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த ஒரு கம்பவுண்டர்தான் என்னைச் சங்கத்தில் சேர்த்தார்.

அவர் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "இனிமேல் வைத்தியம் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வண்டியில் ஏறுவதை ஆயுள் முழுக்க வாசலில் நின்று பார்த்தவர். வண்டி போன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லையே என்பது அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பேரைச் சேர்த்தார். ஒரு சாயபு, தோல் பதனிடுவதற்கான தன் ஆவாரம்பட்டைக் கிடங்கில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார். தோல் ஷாப்பில் வேலை செய்யும் இரண்டு பேர், மிஷன் பள்ளிக்கூட டீச்சரம்மா ஒருவர், இப்படி ஒரு கூட்டம். வேலை இதுதான்: அப்படித் திரும்பி வந்தவர் வீட்டுக்குத் தினம் இரண்டு மணி நேரம் போக வேண்டும். துடைக்க, புரட்டிப் படுக்க வைக்க, தண்ணீர் கொடுக்க. அந்த நேரத்தில் வீட்டுப் பெண்பிள்ளை தலைக்குக் குளிக்கலாம், கடைக்குப் போகலாம், கிணற்றடியில் நின்று நிம்மதியாக அழலாம், தூங்கலாம்.

"நீ ஊர்ல எல்லார் வூட்லயும் சும்மாதான உக்காந்துனு இருக்கே? அதையே அவங்க வூட்ல போய் உக்காரு. புண்ணியமாவது கெடைக்கும்" என்றார் கம்பவுண்டர்.

"சம்பளம் இன்னா சார்?"

"ஒண்ணும் கெடையாது."

"டீ?"

"உண்டு. பால் கெடையாது."

சேர்ந்துவிட்டேன். சங்கத்துக்கு இரண்டு விதிகள். "சரியாப் போய்டும்" என்று பொய் சொல்லக் கூடாது. கேட்காமல் புத்தி சொல்லக் கூடாது. நான் சேர்ந்த முதல் வாரமே மூன்றாவதாக ஒரு விதி பிறந்தது. என் முதல் நோயாளி ஒரு ஜட்கா வண்டிக்காரர். பாவம், மனுஷனுக்குப் பொழுது போகட்டுமே என்று இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் பேசினேன். நான் கிளம்பியதும் அவர் மகனைக் கூப்பிட்டு, "இந்தாளு நாளைக்கும் வருவானா? அப்ப நா இன்னிக்கே போய்ட்றேன்" என்றாராம். பேச்சைக் குறைக்க வேண்டும் என்ற அந்த விதி எல்லோருக்கும் பொதுவானது என்று கம்பவுண்டர் சொன்னாலும், சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

அப்புறம்தான் எங்கள் மண்டித் தரகர் பாய் ஒருவர் வந்தார். வந்தார் என்றால், வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வண்டியில் வந்தார். தொண்டையில் கட்டி. மண்டியிலேயே பெரிய குரல் அவருடையது. பாலாற்றின் அந்தக் கரையில் போகும் வண்டியை இந்தக் கரையில் நின்று நிறுத்துவார். முதலில் அந்தக் குரல் கம்மியது, பிறகு போயே போய்விட்டது. எழுதிக் காட்டவும் வழியில்லை. எழுத்து வாசனை அறியாதவர் அவர். கை நாட்டை மட்டும் கலெக்டர் மாதிரி வைப்பார். சங்கத்திலிருந்து போன டீச்சரம்மாவைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பவுண்டர் கொடுத்த கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார்.

"யாரையும் கிட்ட சேக்க மாட்றாரு. உன்ன அவருக்குத் தெரியும். நீ போ" என்றார் கம்பவுண்டர், சட்டையில் கஞ்சியோடு.

"தெரியுமாவா? பதினஞ்சு வருஷமா மண்டில என்னத் தோலுரிச்சவரு சார் அவரு!"

"அப்ப உன்னப் பாத்தா சந்தோஷப்படுவாரு. போ."

அந்தத் தோலுரிப்பு எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு தரகர்கள் எதிரெதிரே நின்று, கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் ஒருவர் விரலை மற்றவர் பிடிப்பார். ஒரு விரல் என்றால் ஒன்று, முழுக் கை ஐந்து, முழுக் கையை இரண்டு தரம் அழுத்தினால் பத்து. சுற்றி நிற்பவனுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். வாய் என்னவோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பாய் முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையாது. என் முகமோ நாடகக் கொட்டகை, உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். பதினைந்து வருடத்தில் ஒரு நாள்கூட நான் அவரிடம் ஜெயித்ததில்லை.

போனேன். முன்னறையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கழுத்து வரை போர்வை. உள்ளறை வாசலில் திரை. பாயின் மனைவி பாயம்மா கோஷா, வேற்று ஆண்கள் முன்னால் வர மாட்டார்; திரைக்குப் பின்னாலிருந்துதான் குரல் வரும். என்னைக் கண்டதும் பாயின் மீசை லேசாக ஆடியது. சிரித்தார் என்று நினைக்கிறேன்.

"ரெண்டு நாளா ஒரு வாய் எறங்கல அண்ணா" என்றது திரை. "எவ்ளோ கெஞ்சிட்டேன். பிடிவாதம் ஜாஸ்தி."

எனக்கு வேறு யோசனை ஓடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கை மேல் போட்டேன். உள்ளே கையை விட்டு, முழுக் கையைப் பிடித்தேன்: ஐந்து ஸ்பூன். மனுஷன் கண் பளிச்சென்றது. என் இரண்டு விரலைப் பிடித்தார். நான் நான்கு. அவர் மறுபடி இரண்டு. நான் மழையைப் பற்றிக்கூடப் பேசிப் பார்த்தேன். மூன்றில் முடிந்தது. ஒப்புக்கொண்டபடி மூன்று ஸ்பூன் கஞ்சியைக் குடித்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார்.

"இன்னா அண்ணா மந்திரம் போட்டீங்க?" என்றார் பாயம்மா.

அன்று முதல் இதே வியாபாரம். கஞ்சிக்குப் பேரம், மருந்துக்குப் பேரம், புரண்டு படுப்பதற்குப் பேரம். ஒரு நாள் கஞ்சியை ஆறு ஸ்பூனுக்கு முடித்துவிட்டேன். பதினைந்து வருடப் பழியைத் தீர்த்துவிட்ட திமிரில் கிடங்குக்குப் போய் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். மறுநாள் பாயம்மா சொன்னார்: "நேத்து நீங்க போனதும் இன்னும் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடிச்சாரு அண்ணா. நல்ல பசி போல." ஆறு என்று நான் கேட்டபோது அவர் எவ்வளவு வேதனையோடு முகத்தைச் சுளித்தார் தெரியுமா!

பதினைந்து இருபது நாள் இப்படிப் போனது. ஒரு நாள் காலை நான் துண்டை எடுக்கும் முன்பே அவர் இழுத்துப் போட்டார். முழுக் கை, மறுபடி முழுக் கை. பத்து!

"பாயம்மா! பத்து ஸ்பூன்! பாய் பத்து கேக்கறாரு!" என்று கூவினேன். உள்ளே பாத்திரம் உருண்டது. பாய் துண்டுக்குள்ளேயே என் கையில் ஓர் அடி வைத்தார். பிறகு அறை மூலையில் இருந்த தகரப் பெட்டியைக் காட்டினார். மகளின் கல்யாணத் துணிமணி சேர்த்து வைத்த பெட்டி அது. பிறகு மகள் இருந்த உள்ளறையைக் காட்டினார். மறுபடி பத்து. கடைசியாகக் கையை மல்லாத்தி விரித்தார். அதற்கப்புறம் இல்லை.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.  பேரணாம்பட்டு மாப்பிள்ளை, நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று எப்போதோ நிச்சயம் ஆகியிருந்தது. பெருநாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பத்து நாளுக்குள் வைக்கச் சொல்கிறார் பாய்.

திரையிடம் போய்ச் சொன்னேன்.  பதில் உடனே வந்தது.

"பத்து நாளா? ஏன், பெருநாளுக்கு அவரு எங்க போறாராம்?"

"பாயம்மா, அவரு..."

"அறுபது நாளு. பேசுன பேச்சு பேசுனதுதான். இப்ப முன்னாடி வெச்சா ஊரு இன்னா சொல்லும்? பொண்டாட்டியே தேதி குறிச்சு அனுப்பி வெச்சான்னு சொல்லும். நா மாட்டேன்."

கட்டிலுக்குப் போனேன். அறுபது என்று சொன்னேன். அவர் பன்னிரண்டு என்றார். திரைக்குப் போனேன். அறுபது. இந்தப் பக்கம் பாய் பதினான்கு வரை ஏறினார். அந்தப் பக்கம் ஒரு நாள் இறங்கவில்லை. இந்த அம்மாளை மண்டிக்கு அனுப்பியிருந்தால் ஆம்பூர்த் தரகர்கள் எல்லாரும் பீடி சுற்றப் போயிருப்போம்.

கம்பவுண்டரைக் கேட்டேன். "புத்தி சொல்லாதேன்னுதான விதி? உக்காந்துட்டு வா" என்றார். கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து, "ஆனா அறுபது நாள்லாம் இல்லப்பா" என்றார்.

ஆகவே மறுநாள் தரகன் செய்வதைச் செய்தேன். பொய் சொன்னேன். திரையிடம் போய், "பாய் முப்பதுக்கு வந்துட்டாரு" என்றேன். கட்டிலுக்கு வந்து, "பாயம்மா நாப்பதுக்கு எறங்கிட்டாங்க" என்று, விரலுக்குப் பத்தாக, நான்கு விரலில் சொன்னேன். பாய் என்னைப் பார்த்தார். பிறகு என் நான்கு விரலையும் சேர்த்துப் பிடித்து ஒரு நெரி நெரித்தார் பாருங்கள், படுத்த படுக்கையில் கிடப்பவர் பிடியா அது! அவருக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருடம்! அந்த அம்மாள் இறங்கி ஒரு தரமாவது பார்த்திருந்தால் அல்லவா நம்புவார்?

துண்டை என் கையிலிருந்து பிடுங்கினார். திரையைக் காட்டினார். கட்டிலை அங்கே நகர்த்து என்றார் சைகையில். நேராகப் பேசிக்கொள்கிறேன், நடுவில் நீ வேண்டாம்.

"பாயம்மா, ஒங்ககிட்டயே பேரம் பேசறாராம். துண்டு போட்டு."

"அய்ய! எனக்கு அதெல்லாம் இன்னா தெரியும்? பொம்பளைங்க பண்ற வேலையா அது?"

திரைக்கு இந்தப் பக்கம் நின்று பாடம் நடத்தினேன். ஒரு விரல் ஒரு நாள். முழுக் கை அஞ்சு. முகத்துல ஒண்ணும் காட்டக் கூடாது.

"மொகம்தான் திரைக்குப் பின்னாடி இருக்கே" என்றார்.

கட்டிலை இழுத்துத் திரை ஓரம் போட்டேன். பாய் கை மேல் துண்டைப் போட்டேன்.

"அண்ணா, நீங்க அந்தாண்ட திரும்பிக்கோங்க."

திரும்பிக்கொண்டேன். தரகனைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு நடந்த பேரம் ஆம்பூரில் அது ஒன்றாகத்தான் இருக்கும். கண்ணாடி வளையல் சத்தம் ஒரு தரம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. ஒரு வண்டித் தோல் கைமாறுகிற நேரம் போனது. இரண்டு வண்டி. எனக்குக் கால் கடுத்தது.

"ஐயோ, கையில ஒண்ணுமே இல்லியே" என்றது பாயம்மாவின் குரல். "வெறும் எலும்பு. இன்னாங்க இது? இன்னாங்க இது?"

போர்வைக்குள்ளேயே கையை வைத்திருந்தார் மனுஷன். உடம்பு துடைப்பது நான். கஞ்சி கொடுக்கும்போது அந்த அம்மாள் பார்த்ததெல்லாம் முகத்தைத்தான். முகத்தை மீசை காப்பாற்றிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "அண்ணா, பேரணாம்பட்டுக்கு ஆள் அனுப்புங்க. எட்டு நாள்ல நிக்காஹ்."

நான் திரும்பிவிட்டேன். "எட்டா? பாயே பத்துதான கேட்டாரு!"

"எட்டு."

கேட்ட விலைக்கும் கீழே இறங்கி வந்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. பாயும் பார்த்ததில்லை போலும். பழக்கதோஷம், துண்டு இரண்டு தரம் அசைந்தது; அவர் மறுபடி பத்து என்கிறார். "சும்மா இருங்க" என்று திரை அதட்டியது. சும்மா இருந்தார்.

எட்டாம் நாள் நிக்காஹ். சங்கமே பந்தல் கட்டியது. கம்பவுண்டர் மருந்துக் கணக்கை விட்டுவிட்டு அடுப்புக்கு விறகு பிளந்தார். டீச்சரம்மா உள்ளே பெண்களோடு பூத் தொடுத்தார். எனக்குப் பாயின் முதுகைத் தாங்கிப் பிடிக்கும் வேலை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அவர் மகளைக் கொடுத்தபோது தலைப்பாகை நேராக இருந்தது; அதை நான் பின்னாலிருந்து இரண்டு விரலால் பிடித்திருந்தது யாருக்கும் தெரியாது. அவ்வளவு நேரம் உட்கார வைத்துவிட்டேன் என்று பாயம்மாவிடம் எனக்குக் கிடைத்த வசவு தனி.

அதற்குப் பிறகு பாய் யாரோடும் பேரம் பேசவில்லை. மருமகன் பேரணாம்பட்டிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தான். மண்டிச் சமாசாரமெல்லாம் சொல்லுவான். இவர் தலையை ஆட்டுவார், பெரும்பாலும் "தப்பு" என்று. நிக்காஹ் முடிந்த பதினோராம் நாள், மகளும் மருமகனும் பக்கத்தில் இருக்கும்போது, காலையில் போனார். நோன்புப் பிறைகூட இன்னும் தெரியவில்லை.

அவருக்காக ஓதும் மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போனேன். திரை அப்படியேதான் இருந்தது. சங்கத்து விதிகளில் இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒன்றும் இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"பாயம்மா, எட்டு நாளுக்கு முடிச்சீங்களே, நல்ல பேரம்" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கம்பவுண்டர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"அவரு பத்து கேட்டாரு அண்ணா" என்றார் பாயம்மா. "பத்துக்கு விட்டிருந்தா ஒம்போது நாளுதான் மாமனாரா இருந்திருப்பாரு. ரெண்டு நாளு ஜாஸ்தி வாங்கிக் கொடுத்தேன்."