சுனைனாவின் முறமும் ஹெலனின் பிடிவாதமும்

தீபாவளி முடிந்த மறுநாள், சிப்காட்டுக்குப் பின்புறமுள்ள அந்தத் தெருவுக்குப் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்து சேர்ந்தார்கள். வாட்ஸ்அப்பில்தான் வந்தார்கள். வடக்கத்திப் பெண் ஒருத்தி காலில் செருப்பில்லாமல், கையில் முறத்தோடு வாசல் வாசலாக நின்று ஏதோ முணுமுணுக்கிறாள். குழந்தை இருக்கும் வீட்டுக் கதவில் சாக்பீஸால் குறி போடுகிறாள். பிறகு குறி போட்ட வீட்டுக்கு வேன் வரும். வேன் வெள்ளையா நீலமா என்பதில் மட்டும் தெரு இரண்டாகப் பிரிந்திருந்தது.

முறத்துக்காரி யார் என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துபோயிற்று. ஹெலன் வீட்டில் குடியிருக்கும் பீகார்க்காரி சுனைனா.

ஹெலன் பிளாஸ்டிக் வாளி செய்கிற கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். அவளுடைய அப்பா பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் கழனியில் கூலிக்கு நின்றவர். ஹெலன் கம்பெனி லோன் போட்டு வீட்டுக்குப் பின்னால் ஷீட் கூரையோடு சில அறைகள் கட்டினாள். ஒன்றில் ஒடிசாப் பையன்கள், ஒன்றில் தடாவிலிருந்து வந்த தெலுங்கு வெல்டர், கடைசியில் சுனைனாவும் புருஷனும் கைக்குழந்தையும். கம்பெனியில் அவள் கற்ற இந்தி, சீக்கிரம், இங்கே, போதும் என்பதற்கான ‘ஜல்தி’, ‘இதர்’, ‘பஸ்’ ஆகியவைதான். அதை வைத்துக்கொண்டே ஒரு ஷிப்ட்டை முழுசாக ஓட்டிவிடுவாள். ஜவுளிக்கடைக்காரன் அளந்து கொடுத்த துணியை அவன் கண்ணெதிரிலேயே திரும்ப அளக்கிற ரகம் அவள்.

சாயங்காலம் எதிர்வீட்டுக் கல்பனா தலைமையில் தெரு திரண்டு வந்தது.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள அவளக் காலி பண்ணுக்கா. இல்லாங்காட்டி நாங்களே சாமானத் தூக்கி வெளிய போட்டுடுவோம்.”

“இன்னாடி பண்ணா அவ?”

“ஊடு ஊடா நோட்டம் பாத்துக்குனு திரியறா.”

“நீ பாத்தியா?”

“என் ஓரகத்தி பாத்தா.”

ஓரகத்தி கூட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். “நான் எங்கடி பாத்தேன்? நீதான சொன்ன?” என்றாள்.

ஹெலனின் புருஷன் சின்னராசு நடுவில் புகுந்தான். “ஏன் ஹெலனு இந்தப் பேஜாரு? அனுப்பிட்டு வேற ஆளு வச்சிக்கலாம்.”

“யோவ், நீ வாய மூடிக்கினு கெட. நான் பாத்துட்டு சொல்றேன்.”

ஹெலனுக்குப் பயமில்லாமல் இல்லை. இதே மாதிரி ஒரு செய்தியை நம்பி எங்கோ ஓர் ஊரில் பிச்சைக்காரன் ஒருவனைக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்ததை டிவியில் பார்த்திருந்தாள். அடித்தவர்களும் இப்படி ஒரு தெருக்காரர்கள்தான்.

முதலில் கதவுகளைப் பார்த்தாள். குறி இருந்தது, பொய்யில்லை. சொட்டு மருந்து கொடுத்த நர்ஸம்மா எழுதி, மழையில் பாதி அழிந்துபோன எண்கள். ஹெலனின் கதவிலும் இருந்தது. தினமும் அந்தக் கதவில் சாய்ந்து பீடி பிடிக்கும் சின்னராசு அன்றுதான் அதைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

அடுத்து மெஹர்னிசாவின் மளிகைக்கடை. மெஹர்னிசா பழவேற்காட்டுக்காரி.

“பாயம்மா, நீயே அவகிட்ட ஒரு வார்த்த கேளு. உனக்குத்தான் இந்தி வருமே.”

“எவ சொன்னா? எங்க ஊட்ல ஏழு தலமுறைக்கும் தமிழுதான். எனக்கு இந்தியும் தெரியாது, கிந்தியும் தெரியாது. இந்தத் தெருவுக்கு வந்ததுலருந்து எவன் இந்தி பேசினாலும் என்கிட்டயே அனுப்பறீங்க. நானும் தலைய ஆட்டி அனுப்பிக்கினு கீறேன்.”

தெருவின் மொழிபெயர்ப்புத் துறை இத்தனை வருஷமாகத் தலையாட்டலில் நடந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. மெஹர்னிசா இன்னொன்றும் சொன்னாள். “நேத்து இங்க வந்து முறத்த நீட்னா. இன்னான்னு புரியல, ஒரு பிடி அரிசி போட்டேன். கண்ணுல ஒத்திக்கினு போனா. நோட்டம் பாக்க வர்றவ அரிசிய ஏன் கண்ணுல ஒத்திக்கிறா?”

ஹெலன் நேரே கடைசி அறைக்குப் போனாள். இந்தியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தமிழிலேயே கேட்டாள்.

“இன்னாடி இது? உன் புருஷன் சம்பாதிக்கலயா?”

“காசு இருக்கு அக்கா.” சுனைனா மடியிலிருந்த குழந்தையைத் தொட்டுக் காட்டினாள். “பாபு ஒடம்பு ரொம்ப கராப் ஆச்சு. ஆஸ்பத்திரி. நான் சூரியன் சாமிக்கு சொல்லிச்சு, பாபு நல்லா ஆனா ஊடு ஊடு போயி கேக்கும். வெக்கம் வுட்டு கேக்கும். அப்புறம் ஏரித் தண்ணில நின்னு பூஜை.”

ஹெலன் முறத்தைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“அடிப்பாவி! மடிப்பிச்சைடி இது!”

போன புரட்டாசியில்கூட கல்பனா மஞ்சள் சேலை கட்டி, சொம்புக்கு நாமம் போட்டு, கோவிந்தா போட்டுக்கொண்டு திருப்பதிக்கு அரிசி கேட்டு வந்தாள். வருஷா வருஷம் அவள் மிதிக்காத வாசல் இல்லை. மெஹர்னிசா போடுவாள். பாஸ்டர் காதுக்குப் போகாமல் ஹெலனும் போடுவாள்.

மறுநாள் ஹெலன் வேலைக்கு லீவு போட்டாள். ஆனால் கம்பெனி நீலக் கோட்டைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு முன்னால் நடக்க, சுனைனா முறத்தோடு பின்னால் வந்தாள். “ஒரு ஊடும் உடக் கூடாது, வா.”

வாசலுக்கு வாசல் ஹெலன் போட்டது ஒரே சத்தம்தான். “மடிப்பிச்சை!” வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. வேன் நிறத்துக்காகச் சண்டை போட்ட இரண்டு கட்சியும் அரிசி போட்டன. என்னவென்று புரியாத ஒடிசாப் பையன்கள் உருளைக்கிழங்கு போட்டார்கள். வெல்டர், “தீஸ்கோம்மா” என்று தன் பங்கைப் போட்டுக் கும்பிட்டான்.

கல்பனா வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. ஹெலன் தட்டிக்கொண்டே நின்றாள். கதவு திறக்கும்வரை நகரமாட்டாள் என்று தெரிந்தபின் கதவு திறந்தது.

“சூரியனுக்கு எவளாவது பிச்ச எடுப்பாளாக்கா? எங்க பெருமாளுக்குன்னா ஒரு மொற கீது.”

“உங்க பெருமாளுக்கு நான் போட்டப்ப எந்த சர்ச்சின்னு கேட்டியாடி?”

பின்னால் வந்த கூட்டத்தில் ஓரகத்திதான் முதலில் சிரித்தாள். மடிப்பிச்சை கேட்டவளை வெறும் முறத்தோடு திருப்பி அனுப்பக் கூடாது என்று இதே வாசலில் நின்று ஊருக்குச் சொன்னவள் கல்பனாதான். அவள் சேலைத் தலைப்பை முறுக்கினாள்.

“அரிசி தீந்துபோச்சிக்கா. நாளைக்குப் போடறேன்.”

அவளுக்குப் பின்னால் வாய் கட்டிய அரிசி மூட்டை தெரிந்தது. ஹெலன் அதைப் பார்த்தாள்; கல்பனாவும் அவள் பார்ப்பதைப் பார்த்தாள்.

“சரி, கடனா இருக்கட்டும். ஞாயித்துக்கெழம காலி பண்ற கத இன்னா ஆச்சி?”

“அத யாருக்கா சொன்னா? எவனோ வேலையத்தவன் வாட்ஸ்அப்ல போட்டது.”

ஞாயிற்றுக்கிழமை ஒரு சாமானும் வெளியே வரவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளில், மூக்கு நுனியிலிருந்து உச்சிவரை காவிக் குங்குமம் இழுத்துக்கொண்டு, பட்டினியோடு சுனைனா ஏரித் தண்ணீரில் நின்றாள். சாயும் சூரியனைக் கும்பிட்டு, மறுநாள் விடியலில் வந்து எழும் சூரியனையும் கும்பிட்டாள். கரையில் தெருவே நின்றது. சின்னராசு கையில் கரும்போடு, பீகாரிலேயே பிறந்தவன் மாதிரி ஒவ்வொருவருக்கும் சாங்கியத்தை விளக்கிக்கொண்டிருந்தான். கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து பொரித்த தேக்குவாவைச் சுனைனா எல்லோருக்கும் கொடுத்தாள். கல்பனா இரண்டாவது தடவையும் கை நீட்டி வாங்கித் தின்றுவிட்டு, இதில் ஏலக்காய் தூக்கலாக இருந்திருக்கலாம் என்றாள்.

சுனைனா கணக்கில் இன்னும் ஒரு வீடு பாக்கி. தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் ஹெலன் குடத்தை இறக்கிவைத்துவிட்டு எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்.

“அந்த ஒரு பிடி அரிசி இன்னாடி ஆச்சி?”

“தர்றேங்க்கா. பொங்கலுக்குப் புது அரிசி வரட்டும்.”

பொங்கல் போய் மாசியும் பிறந்துவிட்டது.